ஆறு கட்டையிலிருந்து மூன்று கட்டைக்கு

எங்கள் ஒன்பதாவது ஆல்பம் 'கசடு' வெளிவந்த வாரத்தில் மெல்போர்ன் பத்திரிகை ஒன்று அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. முந்தைய எட்டு ஆல்பங்களுக்கும் சேர்த்து அந்தப் பத்திரிகை எங்களுக்குக் கொடுத்திருந்தது ஏழு. "'டபுள் ப்ரிக்' குழு கடைசியில் இருட்டுக்குள் இறங்கிவிட்டது" என்று எழுதியிருந்தார் விமர்சகர். வேகத்தைத் துறந்துவிட்டோமாம். ஆடம்பரத்தைத் துறந்துவிட்டோமாம். மௌனத்தை ஆயுதமாக எடுத்துக்கொண்டோமாம். நாற்பது வருடம் பீர் பாட்டுப் பாடிய கூட்டம் மரணத்தின் முகத்தைப் பார்க்கத் துணிந்துவிட்டதாம்.

படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

ஐயா விமர்சகரே, வேகத்தை நாங்கள் துறக்கவில்லை. எங்கள் டிரம்மர் ஸ்பீரோவுக்கு வலது தோளில் தசைநார் கிழிந்து கை காதுக்கு மேல் எழும்பாது. பழைய வேகத்தில் அடித்தால் மறுநாள் அவன் மனைவிதான் அவனுக்குச் சட்டை மாட்டிவிட வேண்டும். ஆடம்பரத்தைத் துறந்தது கிடார்க்காரன் டங்கனின் விரல் மூட்டு. ஒரு காலத்தில் பாட்டுக்கு நடுவே நான்கு நிமிடம் தனியாக வாசித்து, கேட்பவர்களை வரிசையாகக் கழிப்பறைக்கு அனுப்பிவைப்பான். இப்போது நான்கு சுரம் வாசித்தால் கையை உதறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் கையை உதறும் நேரத்துக்குத்தான் நீங்கள் மௌனம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்த ஆல்பத்தில் உள்ள ஒவ்வொரு இருட்டுக்கும் ஒரு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் இல்லாதது ஒன்றே ஒன்று, பாடகன் நெவ்வின் குரல். அதற்குச் சான்றிதழ் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

நான் மோயா. பேஸ் கிடார் வாசிக்கிறேன். எங்கள் குழுவின் பழைய புகைப்படங்களில் ஓரத்தில் ஒரு பெண்ணின் முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கை என்னுடையது. எங்கள் ஊரான வயாலாவில் கப்பல் கட்டும் தளத்தை மூடுவதற்கு முந்தைய வருடம் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தோம். எல்லோருடைய அப்பாக்களும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். வேலை போன வீடுகளில் சத்தம் போட ஆளுக்குக் குறைவே இல்லை. நாங்கள் அதற்கு மின்சாரம் சேர்த்தோம், அவ்வளவுதான்.

1981-இல் 'வியாழனே வெள்ளி' என்று ஒரு பாட்டு. சம்பளம் வியாழக்கிழமை வருகிறது, ஆகவே வெள்ளிக்கிழமை அன்றைக்கே தொடங்கிவிடுகிறது என்பதுதான் அதன் முழுத் தத்துவமும். தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை, ஒரு கால்பந்து கிளப் குடித்து விழுந்ததில்லை. கடைசியில் 'வெள்ளி' என்ற சொல்லை நெவ் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி எட்டுத் தாளம் பிடிப்பான். ஆறு கட்டை சுருதியில். ரேடியோவில் அதைக் கேட்டு லாரி ஓட்டுபவர்கள் கூடச் சேர்ந்து கத்துவார்கள், பாதியில் இருமுவார்கள். நெவ் இருமியதே இல்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வாத்தியத்துக்கும் சுருதி சேர்ப்பது நான். முப்பது வருடம் ஸ்பீரோவின் பித்தளைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று டங்கனுக்கு ஒரு காது போய்விட்டது. அவன் சுருதி சேர்த்தால் அது அவனுக்கு மட்டும் சேரும். நெவ்வுக்கோ குரல் இருந்ததே தவிர, இது எத்தனை கட்டை என்று சொல்லும் காது இருந்ததில்லை. நாங்கள் எங்கே ஆரம்பிக்கிறோமோ அங்கிருந்து அவன் ஏறிக்கொள்வான். மேடைக்கு வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. நல்ல வழக்கம். இதைவிட நல்ல வழக்கம் ஒரு பொய்க்குக் கிடைக்காது.

2003-இல் வடக்கே ஒரு சுற்றுப்பயணம் போனோம். அடுத்தடுத்து மூன்று ஊர்களில் அந்த உச்சியில் நெவ்வின் குரல் உடைந்தது. மூன்றாவது ஊரில் கூட்டம் சிரித்தது. மறுநாள் காலை போர்ட் அகஸ்டாவில், ஹோட்டல் சமையலறைக்குப் பின்னால், காலி பீர்ப் பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சுது மோ," என்றான். "இன்னிக்கி ஒரு நாள் ஒப்பேத்திடறேன். அப்புறம் இரும்பாலைல ஏதாவது வேலை கேக்கறேன்."

"உனக்கு எவன்டா இரும்பாலைல வேலை குடுப்பான்? சுத்தியலை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது உனக்கு."

"சிரிக்காதடி. செவ்வாக்கிழமை அடிலெய்டுல தொண்டை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஆனா அவன் என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியும்."

அவன் கண் கலங்கியிருந்தது. நெவ் அழுது நான் பார்த்தது இரண்டே முறைதான். இன்னொன்று அவன் அம்மாவின் அடக்கத்தில். எனக்குத் தாங்கவில்லை. அன்று மாலை சுருதி சேர்க்கும்போது இரண்டு கிடாரையும் அரைக் கட்டை இறக்கினேன். டங்கனிடம் மட்டும் சொன்னேன். நெவ் மேடையேறி, உச்சிக்குப் போய், எட்டுத் தாளமும் நின்றான். இறங்கி வந்ததும் வேர்வையோடு என்னைக் கட்டிக்கொண்டு, "திரும்பி வந்துருச்சுடி!" என்று கூவினான். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகவில்லை. "நல்லா இருக்கற தொண்டையை எதுக்குக் காட்டறது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். 2008-இல் ஐந்து கட்டை. 2013-இல் நாலரை. ஒவ்வொரு முறையும் ஊர், தேதி, சுருதி மூன்றையும் என் பேஸ் கிடார் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதி வைத்தேன். அடுத்த நாள் மறந்துபோய்ப் பழைய சுருதியில் சேர்த்துவிட்டால் குட்டு உடைந்துவிடுமே. தப்புச் செய்வதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல் மவுத் ஆர்கன். 'வியாழனே வெள்ளி'யின் தொடக்கத்தில் நெவ்வே அதை வாசிப்பான். அதன் சுருதியைத் திருக முடியாது. ஒவ்வொரு சுருதிக்கும் தனி வாத்தியம். மேல் தகட்டில் ஆறு கட்டைக்கு உரிய எழுத்தைப் பொறித்திருப்பார்கள். நான் சுருதி குறைந்த ஒன்றை, முதல் முறை போர்ட் அகஸ்டா கடையிலும் பிறகு தபாலிலும் வாங்கி, இரண்டு திருகாணிகளைக் கழற்றி, அவனுடைய பழைய தகட்டை எடுத்துப் புதியதன் மேல் மாட்டிவிடுவேன். தகடு பழையது, நசுங்கியது, அவன் பல் பட்டுத் தேய்ந்தது. உள்ளே இருப்பது வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை எல்லோரும் கேலி செய்கிறார்கள். நான் ஒரு திருப்புளியை வைத்துப் பதினைந்து வருடம் மறைத்தேன்.

ரேடியோவில் பழைய பதிவு ஓடினால் அதன் சுருதி அவனுக்கே கொஞ்சம் உயரத்தில் கேட்கும். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. "அந்தக் காலத்துல ரெக்கார்டு கம்பெனிக்காரன் டேப்பை வேகமா ஓட்டிட்டான்." டங்கன் உடனே, "ஆமா, எல்லா கம்பெனியும் அப்படித்தான் பண்ணுவானுங்க," என்பான். கண்ணை மூடிக்கொண்ட பூனைக்குக் காவலாக நாங்கள் இரண்டு பூனைகள்.

அதோடு விட்டானா? ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு பிரசங்கம் வேறு.

"சிட்னில என் வயசுக்காரனுங்க எல்லாம் சுருதியைக் கொறச்சுக்கிட்டானுங்க! வெக்கமா இல்ல? இங்க பாருங்க. அதே ஆறு கட்டை! ஒரு மயிரிழை கொறையல!"

கூட்டம் ஆரவாரிக்கும். டங்கன் ஆம்ப்ளிபயர் பக்கம் திரும்பிக்கொள்வான். நான் என் செருப்பைப் பார்ப்பேன். எந்தெந்த வருடம் என்ன செருப்புப் போட்டிருந்தேன் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

'கசடு' தொடங்கியது 2018 பிப்ரவரியில். மெல்போர்னிலிருந்து ஜாஸ்பர் என்ற தயாரிப்பாளன் வந்தான். முப்பத்தைந்து வயது, நேர்த்தியான தாடி, எங்கள் ஊர் டீக்கடையில் ஓட்ஸ் பால் கேட்டுக் கடைப் பெண்ணை மூன்று நாள் பேச்சில்லாமல் ஆக்கியவன். ஸ்டூடியோ வேண்டாம், கால்பந்து கிளப் கூடத்திலேயே பதிவு செய்யலாம் என்றான். அங்கே தைல நாற்றமும், பழைய பீர் நாற்றமும், சாம்பியன்களின் பெயர்ப் பலகைகளும் இருந்தன. "இங்க ஒரு துக்கம் இருக்கு," என்றான். இருந்தது. கிளப் பதினோரு வருடமாக ஒரு கோப்பையும் ஜெயிக்கவில்லை.

முதல் நாளே அவனை வெளியே கூட்டிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். வாய் தவறி அவன் நெவ்விடம் உளறிவிடக் கூடாது.

"அதாவது, அவருக்குத் தெரியாமலே அவரைக் கீழ இறக்கிட்டே வந்திருக்கீங்க?" அவன் கண்ணில் தண்ணீர் கட்டியது. "எவ்ளோ அழகு!"

"அழகெல்லாம் இல்ல தம்பி. வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்."

அந்த மாதம் நாலு கட்டைக்கு இறக்க வேண்டியிருந்தது. கிடார்க் கம்பிகள் தொளதொளவென்று ஆகி, தாம்புக்கயிறு மாதிரி தடித்தவற்றை வாங்கி மாட்டினோம். டங்கனின் நோஞ்சான் விரல்களுக்கு அது வேறு தண்டனை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆழத்தில், அந்த மெதுவில், முதல் முறையாக என் பேஸ் கிடார் கேட்டது. நாற்பது வருடமாக முழங்கையாக இருந்தவள் நான். ஜாஸ்பர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மோயா, இந்த ஆல்பமே நீங்கதான்," என்றான். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ தியாகி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஆகஸ்டில் நாலு கட்டையும் எட்டவில்லை. மூன்றுக்கு இறக்கினேன்.

இறக்கிவிட்டு வழக்கம்போல் பெட்டி மூடியில் எழுதப் போனேன். எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. முதல் மூன்று இறக்கங்களுக்கு இடையே ஐந்தைந்து வருடம். கடைசி இரண்டுக்கும் இடையே ஆறு மாதம். வயதாகிக் குறைகிற குரல் இப்படிக் குறையாது. பேனாவை மூடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு அவனை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தான். விழுங்கும்போது தலையைச் சற்றுச் சாய்த்தான். வியாழக்கிழமை இரவு உணவுக்கு பப்பில் தட்டைவிடப் பெரிதாகப் பொரித்த கோழி ஷ்னிட்சல் போடுவார்கள். நெவ் அதைத் தின்றுவிட்டு அடுத்தவன் தட்டைப் பார்ப்பான். அந்த வியாழன் பாதியைத் தள்ளிவைத்துவிட்டு சூப் கேட்டான். வயாலாவில் ஷ்னிட்சலை மிச்சம் வைப்பவனுக்கு ஒன்று காதல், அல்லது நோய். நெவ்வைக் காதலிக்க ஊரில் ஆள் கிடையாது.

"தொண்டையை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டேன்," என்றேன்.

"எதுக்கு? அதே ஆறு கட்டை பாடறேன். நேத்துகூடக் கேட்டியே."

"இருமல் விடலையே."

"இரும்பாலைச் சிவப்புத் தூசி. நீயுந்தான் இருமற. உனக்கென்ன, பாடவா போற?"

ஜாஸ்பரோ அந்தக் கரகரப்பைக் கண்டு சொக்கிப் போயிருந்தான். நெவ் தண்ணீர் குடிக்கப் போனால், "வேணாம் நெவ், அப்படியே வறண்டு இருக்கட்டும்," என்பான். எனக்கு அவன் தாடியைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் டங்கனிடமும், எப்போதோ தானாகவே கண்டுபிடித்திருந்த ஸ்பீரோவிடமும் பேசினேன்.

"இன்னும் ரெண்டே பாட்டு பாக்கி," என்றான் டங்கன். "முடியட்டும். இப்ப சொன்னா அவன் மைக்கைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டுப் போயிருவான். நாற்பது வருசத்துல முதல்தடவை ஒரு உருப்படியான ஆல்பம் பண்றோம் மோ."

"அவன் செத்துட்டா?"

"சும்மா சொல்லாத. லேசாத் தொண்டை கட்டியிருக்கு."

"உன் ஒத்தக் காதுக்கு அப்படித்தான் கேக்கும்."

ஸ்பீரோ ஒரு படி முன்னால் வந்தான். தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்கப்பனுக்கு இதே இருமல்தான்," என்றான். "எல்லாரும் தூசின்னுதான் சொன்னோம். சொல்லிரு மோ."

அப்படியும் நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு வேறு அழகான பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த நான்கு நாளில் இரண்டு பாட்டும் பதிவாகிவிட்டன. என் வாசிப்பு பிரமாதமாக இருந்தது.

ஐந்தாம் நாள், சில்லறைத் திருத்தங்களுக்கு நடுவே, டீ இடைவேளையில் நெவ் கிளப் கூடத்தின் நீள மேசையில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். இப்போதெல்லாம் நனைக்காமல் இறங்குவதில்லை. நான் அவன் எதிரே உட்கார்ந்து அவனுடைய மவுத் ஆர்கனை எடுத்தேன். திருப்புளியை எடுத்தேன். இரண்டு திருகாணிகளையும் கழற்றி, தகட்டை எடுத்துவிட்டு, வாத்தியத்தை அவன் பக்கமாகத் தள்ளினேன்.

"உள்ள என்ன எழுத்துப் போட்டிருக்குன்னு பாரு."

பார்த்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். "இது வேற வாத்தியம்."

"ஆமா. மூணு கட்டை. தகடு மட்டும் உன்னோடது."

"யாரு மாத்துனா?"

"நான்."

"எப்போ?"

"இதையா? போன மாசம். முதல்ல மாத்தினது போர்ட் அகஸ்டால. பதினஞ்சு வருசம் ஆச்சு."

மீதியையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் டங்கனைப் பார்த்தான். டங்கன் தரையைப் பார்த்தான். ஸ்பீரோவைப் பார்த்தான். ஸ்பீரோ மட்டும் அவன் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தான்.

"அப்ப ஊரு பூரா மேடையேறி நான் சொன்னதெல்லாம்..." நெவ் முடிக்கவில்லை. "சிட்னிக்காரனுங்களைத் திட்டினேனே. நீங்க பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க."

கூடத்தின் மூலையில் கிளப்பின் பழைய பியானோ ஒன்று உண்டு. வெற்றி விழாவுக்கு வாங்கியது, ஆகவே அதிகம் தேயாதது. நெவ் எழுந்துபோய் அதன் மூடியைத் திறந்தான். "ஆறு கட்டை எது?" என்றான், யாரையும் பார்க்காமல். நான் போய் அந்தக் கட்டையை அழுத்தினேன். அவன் நெஞ்சை நிமிர்த்தி, 1981-இல் எப்படி நிற்பானோ அப்படி நின்று, வாயைத் திறந்தான்.

காற்று வந்தது. நடுவில் ஒரு கீறல் மாதிரி ஏதோ வந்து நின்றது. மறுபடி முயன்றான். மறுபடி காற்று. மூன்றாவது முறை எதுவுமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் பியானோவிலிருந்து விரலை எடுக்க மறந்து நின்றேன். அந்த ஒற்றைச் சுரம் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

அப்போதுதான் ஜாஸ்பர் கூனிக் குறுகிக்கொண்டு வந்தான். "நெவ்... மன்னிச்சுக்கோங்க. மைக் எல்லாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அழிச்சிடறேன்."

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது செகண்டு."

"வெச்சுக்கோ," என்றான் நெவ். "ஆல்பத்துலயே ஆறு கட்டைல இருக்கறது அது ஒண்ணுதான்."

கடைசிப் பாட்டுக்குப் பிறகு வரும் அந்த நாற்பது விநாடியைத்தான் விமர்சகர் "தன் புகழைத் தானே கழற்றி எறியும் ஒரு கலைஞனின் திட்டமிட்ட துணிச்சல்" என்று எழுதினார். திட்டமிட்டதாம். டீ ஆறிக்கொண்டிருந்தது, பிஸ்கட் நனைந்து கரைந்துகொண்டிருந்தது, எங்களுக்குத் திட்டம்.

அடுத்த வாரம் அடிலெய்டுக்கு நான்தான் காரை ஓட்டினேன். நான்கு மணி நேரம். டங்கன் வருகிறேன் என்றதற்கு நெவ் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். என்னையும் அவன் கூப்பிடவில்லை. கார் என்னுடையது, அவனுடைய காருக்குப் பதிவு காலாவதியாகி இருந்தது. வழியில் ஒரு சொல் இல்லை. ரேடியோவில் எங்கள் பாட்டு வந்தது. நான் அணைக்கக் கையை நீட்டினேன், அவன் என் கையைத் தட்டிவிட்டான். கடைசிவரை கேட்டான். டேப்பை வேகமாக ஓட்டியதாக யாரும் சொல்லவில்லை.

தொண்டை டாக்டர் ஒல்லியான பெண், பொறுமைசாலி. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். வலது பக்கக் குரல்நாணில் ஏதோ இருக்கிறது, துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "குரல் எப்பலருந்து மாறிச்சு?" என்று கேட்டார்.

நெவ் கட்டைவிரலால் என்னைக் காட்டினான். "அவளைக் கேளுங்க டாக்டர். என் தொண்டை அவகிட்டதான் இருக்கு."

நான் காருக்குப் போய்க் கிடார்ப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தேன். வரவேற்பறையில் இருந்தவர்கள் கச்சேரி என்று நினைத்திருப்பார்கள். டாக்டரின் மேசை மேல் வைத்து மூடியைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். போர்ட் அகஸ்டா, ஐந்தரை. போர்ட் லிங்கன், ஐந்து. செடூனா, நாலரை. வயாலா, நாலு. வயாலா, மூன்று. டாக்டர் கடைசி இரண்டு வரிகளின் தேதியை இரண்டு முறை கேட்டார். பிறகு எழுந்து அந்த மூடியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

"இவ்ளோ துல்லியமா எந்த நோயாளியும் கொண்டு வந்ததில்ல," என்றார்.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. பதினைந்து வருடம் அவனை டாக்டரிடம் போகவிடாமல் செய்த கை எழுதிய எழுத்து அது.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். மறுபடி நான்கு மணி நேரம். புற்றுநோய்தான். பரவவில்லை. இப்போதே எடுத்துவிட்டால் ஆள் நன்றாக இருப்பார், அடுத்த கோடை வரை விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர்.

"பேசுவாரா?" என்று நான் கேட்டேன்.

"பேசுவார். காத்துக் குரலா வரும். பழகிரும்."

"பாட்டு?" என்றான் நெவ்.

டாக்டர் அவனைப் பார்த்து, நேராகச் சொன்னார். "இல்ல நெவில். பாட்டு இல்ல."

நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்தோம். ஆஸ்பத்திரி கார் நிறுத்தும் இடத்தில் நல்ல வெயில். நான் இரண்டு ஐஸ் காபி வாங்கிவந்தேன். அவன் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று மெதுவாகக் குடித்தான். ஒவ்வொரு மிடறுக்கும் தலை சாய்ந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல நான் வழியெல்லாம் வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மோ."

அந்தப் பெயரை அவன் சொல்லி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"நெசமாவே கடைசியா நான் எட்டினது எந்த ஊர்ல?"

பெட்டி மூடியில் அது இல்லை. அதில் இருப்பவை எல்லாம் நான் இறக்கியவை. ஆனால் எனக்குத் தெரியும்.

"கூபர் பீடி."

"அந்தப் பயணத்துலயா? மூணு ஊர்ல உடைஞ்சுதே, அதுக்கு முன்னாடியா?"

"அதுக்கு முந்துன நாள்."

"எத்தன பேரு இருந்தாங்க?"

பொய் சொல்லலாம். ஐந்நூறு பேர், எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று சொல்லலாம். எனக்குப் பழக்கம்தான்.

"முப்பது பேரு இருப்பாங்க. ஓபல் கல்லு தோண்டிட்டு நேரா வந்து உக்காந்தவங்க. ஒருத்தன் தூங்கிட்டான். ஒரு நாய் இருந்துச்சு."

"நாய் என்ன பண்ணுச்சு?"

"நீ உச்சிக்குப் போனதும் எந்திரிச்சு வெளிய போயிருச்சு."

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சத்தமே வரவில்லை.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு நெவ். சுத்தமா ஆறு கட்டை. எட்டுத் தாளமும் அசையாம நின்ன. டங்கன்தான் தப்பா வாசிச்சான்."

அவன் காலிக் குப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் எதிரே நின்ற கார்களைப் பார்த்தான்.

"தெரியாமப் போச்சுடி," என்றான். "தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருப்பேன்."